புது எஸ்எஸ்டி பயோஸில் தெரிகிறது, பூட் மட்டும் ஆகவில்லை!

கேள்வி: 7ஆம் தலைமுறை ஐ5, பி250 போர்டு உள்ள டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்கில் இருந்த விண்டோஸ் 10-ஐ, புதிதாக வாங்கிய 500 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டிக்கு குளோன் (அப்படியே நகல்) செய்தேன். பயோஸில் எஸ்எஸ்டியின் பெயர் வருகிறது. பூட் வரிசையில் இல்லை. பழைய டிஸ்கைக் கழற்றினால் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்கிறது. எஸ்எஸ்டியைக் கடையில் கொடுத்து மாற்றிவிடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். பயோஸில் பெயர் வருகிறதென்றால் பெரும்பாலும் எஸ்எஸ்டியும் ஸ்லாட்டும் நன்றாகவே இருக்கின்றன. உங்கள் பழைய விண்டோஸ் லெகசி எனும் பழைய பூட் முறையில், எம்பிஆர் எனும் பழைய பிரிவு அமைப்புள்ள டிஸ்கில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். குளோன் செய்யும்போது எம்பிஆரும் அப்படியே வந்துவிடும். லெகசி முறையில் என்விஎம்இ-யிலிருந்து பூட் ஆக, டிரைவுக்குள்ளேயே அதற்கென ஒரு சிறு ரோம் (பூட் செய்ய உதவும் நிரல்) இருக்க வேண்டும். சாம்சங் 950 புரோ போன்ற ஒன்றிரண்டில் இருந்தது. இப்போது கடையில் கிடைப்பவற்றில் அநேகமாக இருக்காது. ஆக, யூஇஎஃப்ஐ எனும் புதிய பூட் முறைக்கு மாறுவதுதான் வழி. அதற்கு டிஸ்கை எம்பிஆரிலிருந்து ஜிபிடி எனும் புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டும்.

முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பழைய டிஸ்கில் பூட் செய்து, ரன் பெட்டியில் ‘எம்எஸ்இன்ஃபோ32’ என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ‘பயோஸ் மோட்’ என்ற இடத்தில் ‘லெகசி’ என்று வந்தால் மேலே சொன்னதுதான் காரணம். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டும் வசதி) போட்டிருந்தால் முழுவதும் நீக்கிவிட்டு, மறுபடி ஒரு குளோன் எடுங்கள்.

இனி, கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்கின் சாட்டா கேபிளை உருவிவிடுங்கள். பலர் இதைச் செய்யாமல் விட்டுத்தான் குழம்புகிறார்கள். குளோனுக்கும் மூலத்துக்கும் டிஸ்க் சிக்னேச்சர் (அடையாள எண்) ஒன்றே. இரண்டும் சேர்ந்திருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும், எதைத் திருத்துகிறோம் என்பதும் தெரியாது. தவிர, ஏதாவது சொதப்பினால் பழைய டிஸ்க் அப்படியே பத்திரமாக இருக்கும்.

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவில் விண்டோஸ் 10 நிறுவல் கோப்பை ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். மொழி கேட்கும் திரையில் ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினால் கறுப்புக் கட்டளைத் திரை வரும். டிஸ்க்பார்ட், பிறகு லிஸ்ட் டிஸ்க் என்று கொடுத்து எஸ்எஸ்டியின் எண்ணைப் பாருங்கள். அளவை வைத்து எது பென்டிரைவ் என்று புரிந்துவிடும். எக்ஸிட் கொடுத்து வெளியே வந்து, எண் 0 என்றால் (எல்லாம் ஆங்கில எழுத்தில்):

எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /டிஸ்க்:0
எம்பிஆர்2ஜிபிடி /கன்வெர்ட் /டிஸ்க்:0

முதல் கட்டளை சோதித்து மட்டும் பார்க்கும். அது தேறினால்தான் இரண்டாவது. தேறாததற்கு வழக்கமான காரணம் பார்ட்டிஷன்கள் (டிஸ்கின் பிரிவுகள்): பிரைமரி 3-க்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் அறவே கூடாது. சி, டி, இ என்று பிரித்து வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். டி, இ-யை விட்டுவிட்டு, விண்டோஸ் உள்ள பகுதியையும் பூட் கோப்புகள் உள்ள சிறு ‘சிஸ்டம் ரிசர்வ்ட்’ பகுதியையும் மட்டும் மறுபடி குளோன் செய்யுங்கள்.

மாற்றம் முடிந்ததும் பயோஸுக்குப் போய் சிஎஸ்எம்-ஐ (லெகசி முறைக்கு இடம்தரும் வசதி) அணைத்து, பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதை முதலில் வையுங்கள். ஒரு எச்சரிக்கை: மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால், சிஎஸ்எம் இல்லாமல் திரை இருண்டுவிடலாம். கார்டைக் கழற்றி, மானிட்டரை போர்டிலுள்ள எச்டிஎம்ஐ-யில் செருகினால் படம் வரும்.

0xசி000000இ என்ற பிழை வந்தால் பூட் கோப்புகள் சரியாக எழுதப்படவில்லை. அதே கட்டளைத் திரைக்குப் போய், டிஸ்க்பார்ட்டில் லிஸ்ட் வால்யூம் கொடுத்து, சுமார் 100 எம்பி அளவுள்ள ஃபேட்32 பகுதியைத் தேர்ந்து, அசைன் லெட்டர்=எஸ் கொடுத்து, வெளியே வந்து:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

இங்கே விண்டோஸ் இருக்கும் பகுதி ‘சி’யாகத்தான் இருக்கும் என்பதில்லை, டிஐஆர் கட்டளையால் பார்த்துவிட்டு எழுத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

நீலத் திரையில் ‘இன்ஆக்செஸிபிள் பூட் டிவைஸ்’ என்று வந்தால், பூட் ஆகிவிட்டது, என்விஎம்இ டிரைவர்தான் எழவில்லை. ஒரு தடவை சேஃப் மோடில் நுழைந்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: புது லேப்டாப்பில் விண்டோஸ் நிறுவும்போது டிரைவ் பட்டியல் காலியாக இருக்கிறது. எஸ்எஸ்டி பழுதா?

பதில்: இன்டெல் 11ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால் விஎம்டி (டிரைவ்களை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) தான் காரணமாக இருக்கும். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென்டிரைவில் போட்டு, ‘லோட் டிரைவர்’ வழியாகக் காட்டுங்கள். பயோஸில் விஎம்டி-யை அணைத்தும் நிறுவலாம். ஆனால் விஎம்டி இயங்கும்போது நிறுவிய விண்டோஸ் ஏற்கெனவே இருந்தால் விஎம்டி-யில் கை வைக்காதீர்கள். அணைத்ததும் அந்த விண்டோஸ் பூட் ஆகாது.

கேள்வி: எச்81 போர்டு, 4ஆம் தலைமுறை. பிசிஐஇ அடாப்டரில் என்விஎம்இ போட்டால் பூட் ஆகுமா?

பதில்: விண்டோஸுக்குள் டிரைவாகத் தெரியும், பெரும்பாலும் பூட் ஆகாது. அந்தக் காலத்து பயோஸில் என்விஎம்இ-க்கான பகுதியே பெரும்பாலும் கிடையாது. பயோஸை மாற்றி எழுதிப் பார்ப்பவர்கள் உண்டு. போர்டே போய்விடும் ஆபத்து இருப்பதால் நான் சொல்ல மாட்டேன். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்கி, சாட்டா 6ஜி போர்ட்டில் செருகுங்கள். நொடிக்கு 550 எம்பி வரை படிக்கும். அந்தக் கம்ப்யூட்டருக்கு அது தாராளம்.