வயலை அடமானம் வெச்சு டேட்டா சயின்ஸ் வேணாம்மா

அம்மா, உங்க மெயிலை படிச்சேன். பையன் சிவில் கடைசி வருஷம், டிராஃபிக் இன்ஜினியரிங்தான் மேல படிப்பேங்கிறான், சித்தப்பா மாமா எல்லாரும் பிரைவேட் யுனிவர்சிட்டில டேட்டா சயின்ஸ் சேத்துவிடுங்கன்னு நெருக்குறாங்க, ஃபீஸுக்கு வயலை அடமானம் வைக்கலாமான்னு கேக்குறீங்க. உங்க பயம் நியாயம்தான். ஆனா வைக்காதீங்க, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. ஐடி, கவர்மென்ட் எக்ஸாம் பத்தியெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுடுறேன்.

பையன் கைகாட்டுற வேலை என்னன்னு வீட்ல யாரும் கேக்கலைன்னு நெனைக்கிறேன். ரோடு பிளான் பண்ண பல ஊர்ல இன்னும் ஸ்டாட்டிக் மாடல்தான் வெச்சிருக்காங்க, பீக் அவர் முழுசையும் ஒரே சராசரியா எடுத்துக்கும். மணிக்கு 1000 கார் போகக்கூடிய ரோட்டுக்கு 1200 கார் வருதுன்னு வைங்க. 1964-லேர்ந்து புழங்குற பி.பி.ஆர்ங்கிற பயண நேர ஃபார்முலா 10 நிமிஷப் பயணம் 13 நிமிஷம் ஆகும்னு சொல்லி முடிச்சிடும். நெசத்துல அந்த 200 கார் போகவே முடியாம நிக்கும், கடைசில வந்தவருக்கு 12 நிமிஷம் கூடுதல், ஒத்தை லேன்ல காருக்கு 7 மீட்டர்னு பாத்தா வரிசை 1.4 கிலோமீட்டர், பின்னாடி இருக்கிற சிக்னலையும் சேத்து அடைச்சிடும். இந்த வரிசை பழைய மாடல்ல இருக்கவே இருக்காது.

இதை டைனமிக்கா, அதாவது நேரத்துக்கு நேரம் மாறுற கணக்கா மாத்துறதுதான் வேலை. எங்கேர்ந்து எங்க எத்தனை வண்டிங்கிற கணக்கை 15 நிமிஷத் துண்டா பிரிக்கணும், சிக்னல் டைமிங், திரும்புற லேன், ரோட்டுல எவ்ளோ வண்டி நிக்க இடம் இருக்குன்னு எல்லாம் ஏத்தணும், அப்புறம் நெசமான பயண நேரத்தோட ஒத்துப் பாக்கணும். அடைப்பைத் தாண்டி நின்னு எண்ணினா ரோடு எவ்ளோ விடுதுங்கிறதுதான் தெரியும், எத்தனை பேர் வர ஆசைப்பட்டாங்கன்னு தெரியாது, அதனால வரிசைக்கு முன்னாடியே எண்ணணும். நம்ம ஊர்ல டூவீலர் சந்துல பூந்து முன்னாடி வந்துடும், வெளிநாட்டு செட்டிங்கை அப்படியே போட்டா தப்பாதான் வரும். சிவிலும் கோடிங்கும் சேந்து தெரிஞ்ச ஆளு இதுக்கு வேணும். மாமா சொல்ற டேட்டா சயின்ஸுக்கு வேணுங்கிற பைத்தான் கோடிங் இதுலயே வந்துடுதும்மா!

செலவும் பாருங்க. கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடி மெட்ராஸ்லயோ திருச்சி என்ஐடிலயோ டிரான்ஸ்போர்ட்டேஷன் எம்.டெக் கிடைச்சா மாசம் 12,400 ரூபா உதவித்தொகை வரும். கிண்டி அண்ணா யுனிவர்சிட்டிலயும் எம்.இ இருக்கு. சீட் நிச்சயம்னு நான் சொல்லல, ஸ்கோர் நல்லா வரணும், ஆனா முயற்சிக்கு வயல் போகாது.

பிடிக்காத கோர்ஸ்ல தள்ளிட்டு கடனையும் அவன் தலையில கட்டாதீங்க. இப்பவே டிராஃபிக்கை கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்குற சுமோங்கிற (SUMO) இலவச சாஃப்ட்வேரை எறக்கச் சொல்லுங்க, ஜெர்மனியோட விண்வெளி ஆய்வு மையம் டி.எல்.ஆர் உருவாக்கினது, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்ங்கிற இலவச மேப்லேர்ந்து உங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் சிக்னலை எடுத்து காலைல ஒரு மணி நேரம் எண்ணி ஓட்டிப் பாக்கட்டும். ஒரு மாசம் ஆர்வம் கொறையாம செஞ்சான்னா பிப்ரவரி கேட்டுக்கு படிக்க விடுங்க, சித்தப்பா கேட்டா அந்த ஸ்கிரீனையே காட்டச் சொல்லுங்க.