தினசரி காலண்டரும் டோக்கியோ கடலும் – வாசகர் கடிதம்

அன்புள்ள சார்,

டோக்கியோவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கசாயில் வீடு. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. வந்த புதிதில் வாரம் தவறாமல் எங்காவது கிளம்பிவிடுவோம். டிஸ்னிலாண்ட், ஸ்கைட்ரீ, கமாகுரா எல்லாம் பார்த்தாயிற்று. நான்கு பேர் ரயிலேறி, டிக்கெட் எடுத்து, சாப்பிட்டுத் திரும்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இருபதாயிரம் யென் பறந்துவிடுகிறது. இப்போது பேசாமல் வீட்டிலேயே இருக்கிறோம். நீங்களோ அதே கடற்கரை, அதே ஆற்றங்கரை, அதே மீன் காட்சியகம் என்று வருடக்கணக்காகப் போய்வருவதாக எழுதுகிறீர்கள். "பார்க்குக்குப் போறதுக்கு எதுக்கு ஜப்பான் வரணும், ஊர்லயே இருந்திருக்கலாமே" என்று என் தோழி சிரிக்கிறாள். உண்மையாகவே கேட்கிறேன், உங்களுக்கு அலுக்கவில்லையா? இந்த இடங்களை எல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

கே., கசாய்

அன்புள்ள கே.,

உங்கள் தோழி சொல்வதில் பாதி சரி. நாங்கள் இதை ஆரம்பித்தது செலவுக்குப் பயந்துதான். 2013-இல் நிஷி கசாயில் வீடு எடுத்தபோது முன்பணம், வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டிய 'நன்றிப் பணம்', தரகு என்று நான்கைந்து மாத வாடகையை மொத்தமாக எண்ணிக் கொடுத்தோம். அப்புறம் மிஞ்சியது ஒரு பழைய மாமாச்சாரி, அதாவது இங்கே அம்மாக்கள் ஓட்டும் சைக்கிள். முன்னால் மகன், பின்னால் மகள். அது போகிற தூரம்தான் எங்கள் ஜப்பான்.

அலுக்கவில்லையா என்றால், அலுத்திருக்கிறது. கியோசென் பூங்காவில் இருக்கும் சின்ன மிருகக்காட்சி சாலைக்குக் கட்டணம் கிடையாது. என் மகன் அங்கே மூன்று வருடம் ஆட்டைத் தடவிக்கொண்டிருந்தான், நான் பெஞ்சில் உட்கார்ந்து தூங்கினேன். அதை மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் கசாய் ரின்காய் பூங்காவின் மீன் காட்சியகம் வேறு மாதிரி. பெரியவர்களுக்கு 700 யென், ஆரம்பப் பள்ளி முடியும்வரை பிள்ளைகளுக்கு இலவசம். நடுவே 2,200 டன் தண்ணீர் கொண்ட, வளையம்போன்ற சூரைமீன் தொட்டி. சூரை நிற்காமல் நீந்துகிற மீன், நின்றால் மூச்சு முட்டிவிடும். 2014 கடைசியில் அந்த மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போக ஆரம்பித்தன. 150-க்கும் மேல் இருந்த தொட்டியில் அடுத்த மார்ச் மாதக் கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வாரமும் போய் எண்ணினோம். அந்த ஒற்றை மீன் வளையத்தைச் சுற்றிவந்து எங்கள் கண்ணாடியைத் தாண்டும்போது, என் மகள் கையை ஆட்டி டாட்டா சொல்வாள். ஜூனில் புது மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அன்றைக்கு அவள் பாதி நாள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு "பழைய ஆள் எது?" என்று தேடிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது வெறும் மீன் தொட்டிதான்.

சரி, கடற்கரைக்கு வருகிறேன். அந்தப் பூங்காவிலிருந்து ஒரு பாலம் தாண்டினால் மேற்குக் கரை. பக்கத்தில் இருக்கும் கிழக்குக் கரைக்குள் மனிதர்கள் போகக்கூடாது, அதைப் பறவைகளுக்கு விட்டுவிட்டார்கள். 2018-இல் அந்தக் கடலோரத்துக்கு ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது. மேற்குக் கரையில் மட்டி பொறுக்கலாம் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். தூத்துக்குடிப் பக்கத்து ஆளிடம் இதைச் சொன்னால் விடுவேனா? ஒரு வருடம் ஏப்ரலில் ஒரு ஞாயிறு, நூறு யென் கடையில் வாளியும் சின்ன வாரியும் வாங்கிக்கொண்டு, மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்து போனோம்.

கரையில் மட்டி பொறுக்குகிற ஆள் ஒருவரும் இல்லை. தண்ணீர் ஏறி நின்றது. நான் வாரியை வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் துழாவிக்கொண்டிருந்தபோது மகன் சேற்றில் குப்புற விழுந்தான். மாற்று உடை எடுத்துப் போகவில்லை. என் சட்டையைக் கழற்றி அவனைச் சுற்றிவிட்டு, ஏப்ரல் காற்றில் பனியனோடு நிஷி கசாய் வரை சைக்கிள் மிதித்தேன். சிக்னலில் நின்றவர்கள் எல்லாரும் மிகுந்த மரியாதையோடு வேறு பக்கம் பார்த்தார்கள். ஜப்பானியர்களின் அந்தப் பண்பை அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன திதில போனீங்க?" சமையலறையில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தால், அஷ்டமி. "அஷ்டமியில போனா என்ன கிடைக்கும்? அமாவாசைக்கு மறுநாள் போவியா!" இதில் சகுனம் எதுவும் இல்லை. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில்தான் கடல் நன்றாக வற்றும். அஷ்டமியில் ஏற்றமும் குறைவு, வற்றுவதும் குறைவு. அப்புறம் ஒன்று தெரிந்தது: டோக்கியோ விரிகுடாவில் வசந்த காலத்து அமாவாசை, பௌர்ணமிகளில் நண்பகலை ஒட்டித் தண்ணீர் வற்றும். குளிர்காலத்தில் அதே வற்றல் நடுராத்திரியில். ஏப்ரலிலிருந்து ஜூன் வரைதான் நல்ல பொழுது.

அடுத்த தடவை திதி பார்த்துப் போனோம். காலை பதினொரு மணிக்குக் கடல் எங்கோ தள்ளிப் போயிருந்தது. பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாபோல் கூட்டம். வாரியால் நான் மணலைக் கிளறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா பக்கத்தில் வந்தார். பேச்சு ஒன்றும் இல்லை. வெறுங்காலின் குதிகாலை ஈர மணலில் வைத்து, ரோட்டில் பீடியை அணைப்பதுபோல் இடமும் வலமும் திருகினார். கால் கணுவரை இறங்கியது. குனிந்து, காலுக்கடியில் கைவிட்டு ஒரு அசாரி மட்டியை எடுத்து என் மகளின் கையில் வைத்தார். அப்புறம் மணலில் அடுத்தடுத்து இருந்த இரண்டு ஊசித் துளைகளை விரலால் காட்டினார். அது மட்டி மூச்சுவிடுகிற இடம். அன்றைக்கு அரை வாளி. சின்னதைத் திரும்பப் போட்டுவிட வேண்டும், பெரிய வாரிக்கு அனுமதி இல்லை, நுழைவில் விதிகளைப் படம் போட்டு வைத்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு இறங்குங்கள். இரவு உப்புத் தண்ணீரில் போட்டு மேலே செய்தித்தாளை மூடி வைத்தால் மணலைக் கக்கிவிடும். காலையில் அடுப்படித் தரை முழுக்கத் தண்ணீர் பீய்ச்சி வைத்திருக்கும். தேங்காயும் மிளகும் தூக்கலாகப் போட்டுப் பிரட்டினால் போதும்.

இப்போது ஊரிலிருந்து வருகிறவர்களிடம் நாங்கள் கேட்டு வாங்குவது அந்தக் காலண்டரைத்தான். என் மகளுடைய தோழியின் அம்மா, மார்ச் வந்தால் "உங்கள் முருகன் என்ன சொல்கிறார்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஞாயிறுகளைக் குறிக்கிறார். அட்டையில் முருகன் படம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். நான் எங்கே கண்டுபிடித்தேன்? பிள்ளைகள் கொண்டுவந்து போடுவதுதான். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் வந்து, "இன்னைக்கு சாப்பாட்டுல நம்ம ஊர்க் கீரை போட்டாங்க" என்றாள். "முருங்கைக்கீரையா?" என்று மனைவி ஆச்சரியப்பட்டார். "ஐயோ அம்மா, கொமாட்சுனா!" நம் எதொகாவா வட்டாரத்தில் இருக்கும் கொமாட்சுகாவாதான் அந்தக் கீரைக்குப் பெயர் கொடுத்தது. 1719-இல் வேட்டைக்கு வந்த ஷோகன் (அன்றைக்கு நாட்டை ஆண்ட படைத் தலைவர்) யோஷிமுனே சூப்பில் இதைச் சாப்பிட்டு, பெயர் இல்லை என்றதும் ஊர்ப் பெயரையே வைத்தார் என்று கதை சொல்கிறார்கள். அந்த வாரமே அதைத் தேடிச் சைக்கிளில் கிளம்பினோம். வீடுகளுக்கு நடுவே ஒரு துண்டு வயல், ஓரத்தில் ஆளில்லாத தட்டு, கட்டு நூறு யென், காசு போட ஒரு தகர டப்பா. பாசிப்பருப்போடு கூட்டு வைத்தோம். தண்டு கொஞ்சம் நறுக்கென்று இருக்கும், அதிகம் வேகவிடாதீர்கள்.

நீங்கள் கசாயில் இருப்பது வசதி. ஸ்டேஷனுக்குக் கீழேயே மெட்ரோ அருங்காட்சியகம், 220 யென், பிள்ளைக்கு 100. மழை நாளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. 1927-இல் ஓடிய மஞ்சள் பெட்டி நிற்கிறது, ரயில் ஓட்டிப் பார்க்கும் இயந்திரமும் உண்டு. அதன் முன்னால் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் அப்பாக்கள். குளிர்காலத்தில் காற்று தெளிந்த காலையில் அரகாவா கரைமேல் ஏறினால் ஃபுஜி தெரியும், அதற்கும் காசில்லை.

வரும் ஏப்ரலில் அமாவாசையை ஒட்டி ஞாயிறு வந்தால் பத்து மணிக்கு மேற்குக் கரைக்கு வாருங்கள், நாங்கள் இருப்போம். வாளி எங்களிடம் இருக்கிறது. பையனுக்கு மாற்று உடை இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதாது.