சீரியல் ஓடுகிறது, ஸ்பானிஷ் வரவில்லை

கேள்வி: பதினாறு வயது மாணவர்களுக்கு ஸ்பானிஷ் கற்பிக்கிறேன். இரண்டாம் ஆண்டு, ஏ2 நிலை (தொடக்க நிலையின் இரண்டாம் படி). ஆர்வம் வரட்டும் என்று ‘லா காசா தே பாப்பெல்’ (ஆங்கிலத்தில் ‘மணி ஹைஸ்ட்’) தொடரை வாரம் ஒரு எபிசோடாகப் போட்டு வருகிறேன். வகுப்பே கண்கொட்டாமல் பார்க்கிறது. ஆனால் எல்லோரும் ஆங்கில சப்டைட்டிலைத்தான் படிக்கிறார்கள். பேச ஒரு வாக்கியம்கூட வரவில்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். தொடரை மாற்றுங்கள். முழு எபிசோட் போடுவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

2017-இல் ஸ்பெயினின் ஆன்தேனா 3 சேனலில் வந்த தொடர் அது. பதற்றத்தில் ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே விழுவார்; நடுநடுவே கெட்ட வார்த்தைகள் வேறு. ஏ2 மாணவரின் காதுக்கு அதில் எதுவும் பிடிபடாது. அப்போது கண் ஆங்கில வரிக்குத்தான் போகும். பிள்ளைகள் மேல் தவறில்லை. அந்த வயதுக்கு அவ்வளவு வன்முறையும் வேண்டாம்.

மூன்று நான்கு நிமிடக் காட்சி ஒன்று போதும். முதல் தடவை சப்டைட்டிலே இல்லாமல் ஓடட்டும். யார் யார்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது தடவை ஸ்பானிஷ் சப்டைட்டில். மூன்றாவது தடவை மறுபடி அது இல்லாமல். கதவு திறக்கப்போகும் நொடியில் நிறுத்தி, “கே வா அ பசார்?”, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். ‘வா அ’ (‘செய்யப் போகிறான்’ என்பதில் வரும் ‘போகிறான்’ போல) என்று தொடங்கிப் பதில் சொல்ல ஏ2 மாணவருக்குத் தெரியும். தெரிந்துகொள்ளும் தவிப்பே வாயைத் திறக்க வைக்கும்.

அடுத்த வகுப்பில் போன காட்சியைச் சொல்லச் சொல்லுங்கள். மழை பெய்துகொண்டிருந்தது, ‘யோவியா’. அவன் உள்ளே வந்தான், ‘என்த்ரோ’. இரண்டு இறந்தகாலங்களுக்கும் உள்ள வித்தியாசம் அட்டவணையில் எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் நிற்பதில்லை. கதை சொல்லும்போது நிற்கிறது. பின்னணி ஒன்று, நடந்த செயல் ஒன்று, அவ்வளவுதான்.

பலர் விழும் குழி ஒன்று உண்டு. ஸ்பானிஷ் ஆடியோ இருக்கிறதே என்று ஆங்கிலத் தொடரைப் போட்டுவிடுகிறார்கள். டப்பிங் வசனமும் சப்டைட்டிலும் பெரும்பாலும் தனித்தனியாக மொழிபெயர்க்கப்பட்டவை. காது ஒன்றைக் கேட்கும், கண் வேறொன்றைப் படிக்கும். ஸ்பானிஷிலேயே எடுத்த தொடரைத் தேர்ந்தெடுத்து, வகுப்புக்கு முன் ஒரு நிமிடம் ஓட்டி ஒத்துப் பாருங்கள். செவித்திறன் குறைந்தவர்களுக்கான சப்டைட்டில் இருந்தால் அதையே போடுங்கள். பேச்சோடு ஒட்டி வருவது பெரும்பாலும் அதுதான்.

எந்தத் தொடர்? ‘தெஸ்தினோஸ்’. 1992-இல் கற்பித்தலுக்கென்றே எடுத்தது, அரை மணி நேர எபிசோடுகள் 52. உடைகள் பழையவை, கதை பிடித்து இழுக்கும். பேச்சும் நிதானம். அப்புறம் தேறியவர்களுக்கு, 1999-இல் தொடங்கிய கொலம்பியத் தொடர் ‘யோ சோய் பெட்டி, லா ஃபேயா’. பொகோட்டாவில் ஓர் அலுவலகத்தில் நடக்கும் கதை, அன்றாடச் சொற்கள் நிறைய கிடைக்கும்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். நெருங்கியவரிடம் ‘தூ’, மரியாதைக்கு ‘உஸ்தெத்’ என்று பாடநூல் சொல்கிறது; நம் நீ, நீங்கள் போல. பொகோட்டாவில் அப்படி இல்லை. உயிர்த் தோழர்களும் ‘உஸ்தெத்’ சொல்வார்கள். அண்ணன் தம்பி சொல்வார்கள், பெற்றோர் பிள்ளையிடம் சொல்வார்கள், கணவன் மனைவிகூடச் சொல்லலாம். அதே ஆள் இன்னொருவரிடம் ‘தூ’ என்பார். இது தெரியாத மாணவர்கள், இரண்டு நண்பர்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்துக் காட்சியையே தப்பாகப் புரிந்துகொள்வார்கள். தேர்வில் பாடநூல்படி எழுதட்டும், தொடரில் கேட்பது பிழை இல்லை என்பதும் தெரியட்டும்.

“சீரியல் பார்த்தே 30 நாளில் சரளம்” என்று விற்பவர்களிடம் போகாதீர்கள். எபிசோடுக்கு நாற்பது கேள்வி வைத்த வொர்க்‌ஷீட் கட்டுகளையும் வாங்காதீர்கள்; அவை கதையைக் கொன்றுவிடும். “டெலேவுக்குச் சமமான சான்றிதழ்” என்று யாராவது பணம் கேட்டால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். டெலே என்பது ஸ்பானிஷ் மொழித்திறனுக்கான அதிகாரப்பூர்வச் சான்றிதழ். ஸ்பெயின் கல்வி அமைச்சின் பெயரில் அந்நாட்டு அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்தித்தூத்தோ செர்வாந்தெஸ் தருவது. நடுவில் ஏஜென்ட் தேவையே இல்லை.

“எத்தனை பாடம் முடிந்தது?” என்று மேலிடம் கேட்கும். போர்ஷன் முடிந்ததா என்று எண்ணத் தெரிந்த அமைப்புக்கு, பிள்ளை பேசியதா என்று கேட்கத் தெரியவில்லை. இத்தனை வருடமாக எனக்கு ஆறாத கோபம் இது. அவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே பதில் கொடுங்கள்: பாடத்திட்டத்தில் ‘இறந்தகாலம்’ என்ற வரிக்கு எதிரே காட்சியின் பெயரையும், மாணவர்கள் சொன்ன நான்கு வாக்கியங்களையும் எழுதி வையுங்கள்.

அடுத்த வாரம் ‘தெஸ்தினோஸ்’ தொடக்கத்தில் வரும் கடிதத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குவெர்னிகா நகரக் குண்டுவீச்சில் இறந்துவிட்டாள் என்று கதையில் வரும் முதியவர் தோன் ஃபெர்னாந்தோ நம்பியிருந்த முதல் மனைவி, அன்று சாகவில்லை என்று அதில் இருக்கும். அங்கேயே நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.