வல்லூறு பழக்க ஆசையா? கேளுங்கள், சொல்கிறேன்

ஷார்ஜாவில் ஒரு அரபி வீட்டில் வேட்டைப் பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. புதிதாக ஆர்வம் வந்தவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணா, வீடியோ பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. ஊரில் ஒருவர் வல்லூறு குஞ்சு தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? (மதுரை)

வேண்டவே வேண்டாம் தம்பி. வல்லூறு வகைகளுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாப்பு உண்டு. மாட்டினால் 3 முதல் 7 ஆண்டு சிறை. அந்த ஆள் எங்கேயோ கூட்டிலிருந்து திருடியிருப்பான். குளிர்காலத்தில் பைனாகுலரோடு பள்ளிக்கரணைப் பக்கம் போய்ப் பாருங்கள், வலசை வரும் பொரி வல்லூறு கண்ணில் படலாம்.

நான் டல்லாஸில் இருக்கிறேன். இங்கே சட்டப்படி செய்ய வழி உண்டா?

உண்டு. ஆனால் பறவையை முதலில் வாங்க முடியாது. எழுத்துத் தேர்வில் 80 சதவீதம் எடுக்க வேண்டும், கூண்டை அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், அனுபவமுள்ள ஒருவர் ஸ்பான்சராக நிற்க வேண்டும். குறைந்தது 2 ஆண்டு அப்ரண்டிஸ். அப்புறம், ஃப்ரீசரில் செத்த எலியும் காடையும் இருக்கும். வீட்டில் இதை முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

பழகினால் நம்மிடம் பாசமாக இருக்குமா?

இருக்காது. உங்கள் கையில் தீனி இருக்கிறது, அதனால் வருகிறது. அவ்வளவுதான் உறவு. அதனால்தான் இந்தத் தொழிலே தராசில் நிற்கிறது. தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வைப்போம். 900 கிராமில் கூப்பிட்டதும் வருகிற பறவை, 940 ஆனால் மரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். அதற்காகப் பட்டினி போட்டால் நெஞ்செலும்பு கத்தி போல் கையில் தட்டும். அந்தப் பறவைக்குப் பறக்கவே தெம்பு இருக்காது. குளிர் நாளில் அதே பறவைக்குக் கூடுதல் தீனி வேண்டும். எச்சத்தையும் பாருங்கள். வெள்ளையில் கறுப்பு இருந்தால் நல்லது, பச்சையாகப் போனால் ஏதோ சரியில்லை. பறக்கவிடும் முன் உடம்பு இறகெல்லாம் சிலிர்த்து ஒரு உலுக்கு உலுக்கினால், நிம்மதியாக இருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

தலையில் கண்ணை மறைக்கும் குல்லா மாட்டுவது கொடுமை இல்லையா?

என்னிடமும் பலர் கேட்பார்கள். வல்லூறு கண்ணால் பயப்படும் பறவை. காரில், கூட்டத்தில் குல்லா இல்லாவிட்டால் படபடவென்று அடித்து இறகை முறித்துக்கொள்ளும். இங்கே அதைப் புர்கா என்போம். ஒரு கையில் பறவை இருப்பதால், வாரின் ஒரு முனையைப் பல்லால் கவ்வி, மறு முனையை விரலால் இழுத்து இறுக்குவோம். அளவு சரியில்லாத புர்கா கண்ணில் உரசும், அதுதான் கொடுமை.

பறவைக்குப் பாஸ்போர்ட் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். அமீரகத்தில் 2002 முதல் இருக்கிறது. கால் வளைய எண்ணும் அதில் இருக்கும். கள்ளக் கடத்தலைத் தடுக்க வந்த ஏற்பாடு.

சும்மா கிடைக்கும் புறாவைத் தீனியாகப் போடலாமா?

பிடித்த கையோடு போடாதீர்கள். புறாவின் தொண்டையில் இருக்கும் கிருமி வல்லூறுக்கும் ஒட்டும். பண்ணைக் காடைதான் நல்லது. தீனியை எடுத்து எடுத்து உதறினால் வாயைத் திறந்து பாருங்கள். நாக்கிலோ தொண்டையிலோ மஞ்சள் படிவம் தெரிந்தால் அன்றைக்கே பறவை மருத்துவரிடம் போய்விடுங்கள்.