சேலத்துக்காரருக்குக் கடற்கரையில் என்ன வேலை?

கேள்வி: சேலத்திலிருந்து வேன் பிடித்துப் போய்க் கடற்கரையில் குப்பை பொறுக்கிவிட்டு வருகிறார்கள் சில இளைஞர்கள். அடுத்த வாரமே அதே இடத்தில் அதே குப்பை. இது வீண் வேலைதானே? கடலே இல்லாத ஊர்க்காரர்களுக்கு ஏன் இந்தக் கவலை?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: குப்பை திரும்ப வருவது உண்மை. வீண் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மும்பை வெர்சோவா கடற்கரையில் 2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர், பக்கத்து வீட்டு முதியவர் ஒருவரோடு சேர்ந்து குப்பை அள்ள ஆரம்பித்தார். வாராவாரம் ஆட்கள் சேர்ந்தார்கள். 2018 மார்ச்சில் அந்த மணலிலிருந்து பங்குனி ஆமைக் குஞ்சுகள் கிளம்பிக் கடலுக்குள் போயின. அப்படியும் மழைக்காலம் வந்தால் கடல் குப்பையைக் கொண்டுவந்து கொட்டத்தான் செய்தது. அவர் சலித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. மும்பைக்குள் ஓடிக் கடலில் கலக்கும் மித்தி ஆற்றங்கரைக்குப் போனார். குப்பை எந்த வழியாக வருகிறது என்பது கரையில் குனிந்து பொறுக்கியவருக்குத்தான் தெரியும்.

அந்த வழி நம்ம ஊரிலும் இருக்கிறது. சேர்வராயன் மலையில் பிறக்கிற திருமணிமுத்தாறு சேலத்துக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டம் போய், நன்செய் இடையாறு பக்கம் காவிரியில் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. இராத்திரி நல்ல மழை பெய்திருந்தால் காலையில் ஆற்றுப் பாலத்தில் நின்று பாருங்கள். ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல், தட்டு வடை செட் கட்டிக் கொடுத்த கவர் எல்லாம் புதரில் தொங்கும், அல்லது தண்ணீரோடு போய்க்கொண்டிருக்கும். எல்லாமே கடலுக்குப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் கதவணையில் நிற்கும், கொஞ்சம் வாய்க்காலில் இறங்கி யாரோ ஒரு விவசாயியின் வயலில் கிடக்கும். மிச்சம் கடலுக்கு. உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 1 கோடியே 10 லட்சம் டன் பிளாஸ்டிக் கடலுக்குப் போகிறது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு.

இந்த இளைஞர்கள்மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. மூட்டை கட்டுகிறார்கள், எண்ணுவதில்லை. 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் இரண்டு பெண்கள் தொடங்கியதுதான், இன்று வருடாவருடம் செப்டம்பர் மாதம் பல நாடுகளில் நடக்கும் கடற்கரைத் துப்புரவு. அவர்கள் ஆரம்பத்திலேயே ஆளுக்கொரு அட்டை கொடுத்து, என்ன பொருள், எத்தனை என்று குறிக்கச் சொன்னார்கள். சிகரெட் துண்டுதான் அடிக்கடி முதலிடத்தில் வந்தது. அதன் ஃபில்டர் பஞ்சு இல்லை, பிளாஸ்டிக் இழை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு மலைப்பாதையில் நாங்கள் பத்துப் பேர் குப்பை பொறுக்கினோம். கீழே இறங்கி ஒரு பழைய இரும்புக் கடையில் மூட்டையைக் கவிழ்த்தோம். கடைக்காரர் தண்ணீர் பாட்டில்களைக் காலால் ஒரு பக்கம் ஒதுக்கினார். சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர், ஷாம்பு பாக்கெட் எல்லாவற்றையும் அள்ளி எங்கள் சாக்கிலேயே திருப்பிப் போட்டார். “இதை எவனும் வாங்க மாட்டான் சார்.” உள்பக்கம் பளபளக்கும் அந்தக் கவர் பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது. பிரித்தெடுப்பது பெரும்பாடு, அதனால் விலை போகாது. அங்கேயே உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தோம். ஓடையோரம் குளித்தவர்கள் போட்டுவிட்டுப் போன ஷாம்பு பாக்கெட்டுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு மூலை இல்லை. பல்லால் கடித்துத் துப்பிய அந்த நகத்தளவுத் துண்டுகளில் ஒன்றுகூட எங்கள் கையில் சிக்கவில்லை. மழை வந்தால் முதலில் ஓடுவது அவைதான்.

சரி, எண்ணி என்ன செய்வது? விற்ற கவரைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு கம்பெனிக்கும் உண்டு என்று 2016-ம் வருட மத்திய அரசு விதியிலேயே இருக்கிறது. எந்தக் கம்பெனிக் கவர், எந்த இடத்தில், எத்தனை என்று எழுதிவைத்த நோட்டைக் கலெக்டர் மேசையில் வைத்துக் கேட்கலாம். வெறும் மூட்டையின் படத்தை வைத்து என்ன கேட்பீர்கள்? நீலகிரியில் உடைந்த மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்த விஷயம் உயர் நீதிமன்றம்வரை போனது. அப்புறம்தான் 2022-ல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. கவருக்கும் அப்படி ஒரு வழி வர வேண்டும் என்பது என் ஆசை.

அதனால் நீங்கள் பூம்புகார் வரை போக வேண்டாம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள், புரட்டாசி ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரம் இறங்குகிறோம். காலை ஆறு மணிக்கு வந்துவிடுங்கள். சாக்கும் கையுறையும் எங்களிடம் இருக்கின்றன. நோட்டும் பேனாவும் நீங்கள் கொண்டு வாருங்கள்.