குதிரை வளர்ப்பு: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் குடற்புழு மருந்து கொடுக்கிறேன். ஆனாலும் குதிரை மெலிகிறது, மயிரில் பளபளப்பு இல்லை. மருந்தை மாற்றலாமா?

மாற்றுவதற்கு முன், இப்போது கொடுக்கும் மருந்து புழுவைக் கொல்கிறதா என்று பார்க்க வேண்டும். புது லத்தியில் ஒரு பிடி எடுத்து, காற்றுப் புகாமல் கட்டி, குளிரில் வைத்து, அன்றைக்கோ மறுநாளோ ஆய்வகத்தில் கொடுங்கள். ஒரு கிராம் லத்தியில் எத்தனை புழு முட்டை என்று எண்ணிச் சொல்வார்கள். வளர்ந்த குதிரையில் 200க்குள் இருந்தால் குறைவு, 500க்கு மேல் போனால் அதிகம். மருந்து கொடுத்த 14ஆம் நாள் மறுபடி எண்ணுங்கள். ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்து சரியாக வேலை செய்திருந்தால் முட்டை ஏறக்குறைய மறைந்திருக்கும். அப்படிக் குறையவில்லை என்றால், புழு அந்த மருந்தைத் தாங்கப் பழகிவிட்டது, அல்லது அளவு போதவில்லை.

அளவு போதாமல் போவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி நாடாவால் அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். அதைத் தோள் முனையிலிருந்து புட்ட முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுங்கள். அளவுகள் சென்டிமீட்டரில் இருந்தால் விடை கிலோவில் வரும். சுற்றளவு 180, நீளம் 160 என்றால் எடை சுமார் 436 கிலோ. ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் வீதம் 87 மில்லிகிராம் தேவை. அதே குதிரையை 350 கிலோ என்று நினைத்துவிட்டால் 70 மில்லிகிராம்தான் உள்ளே போகும். அந்தக் குறைந்த அளவில் பிழைக்கும் புழுக்கள்தான் அடுத்த தலைமுறையை உண்டாக்குகின்றன. நாள்காட்டியைப் பார்த்து எல்லாக் குதிரைக்கும் மருந்து புகட்டுவதும் இதே கேட்டைத்தான் செய்கிறது. ஒரு கூட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குதிரைதான் பெரும்பாலான முட்டைகளை வெளியேற்றும். அதைக் கண்டுபிடித்து அதற்கு மருந்து கொடுங்கள்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. நாடாப்புழுவும், குடல் சுவருக்குள் பதுங்கிய இளம்புழுவும் இதில் சரியாகத் தெரியாது. அவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது தனி மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குட்டிகளுக்குக் கணக்கே வேறு. பெரிய குதிரையின் அட்டவணையை அவற்றின் மேல் ஏற்ற வேண்டாம். மேய்ச்சல் நிலத்தில் வாரம் இருமுறை லத்தியை அள்ளிவிடுங்கள். மருந்தைவிட அது பெரிய உதவி.

முட்டை எண்ணிக்கை குறைவாகவே இருந்து குதிரை மெலிந்தால், அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் வாய்.

புல்லை மென்று, உருண்டையாகக் கீழே போடுகிறது. வயதாகிவிட்டதால்தானா?

வயது மட்டும் காரணம் அல்ல. குதிரையின் கடைவாய்ப் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம் என்பதால், மேல்பற்களின் வெளி ஓரமும் கீழ்ப்பற்களின் உள் ஓரமும் தேயாமல் கத்திபோல் நிற்கும். ஒன்று கன்னத்தைக் கிழிக்கும், மற்றது நாக்கை. ஆண்டுக்கு ஒருமுறை வாயைத் திறந்து பார்த்து, கூர்முனைகளை மட்டும் அராவ வேண்டும். முழுப் பரப்பையும் வழவழப்பாக்கினால் புல்லை அரைக்கவே முடியாது. பால்பல் விழும் இரண்டரை முதல் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

குளம்பில் ஆணி ஏறிவிட்டது. ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி எட்டு மாதம் முன்புதான் போட்டோம். மறுபடி வேண்டுமா?

வேண்டும். காயம் பட்டபோது கடைசி ஊசிக்கு ஆறு மாதம் கடந்திருந்தால் உடனே ஒன்று போட வேண்டும். ரணஜன்னிக்குக் குதிரையைப் போல் எளிதில் இரையாகும் விலங்கு குறைவு. முதன்முறை என்றால் 4 முதல் 6 வாரம் இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. ஆணியை நீங்களே பிடுங்காதீர்கள். அது எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்பதை எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். நடக்க நடக்க இன்னும் உள்ளே ஏறும் என்றால் மட்டும் பிடுங்கி, இடத்தை அடையாளம் இட்டு, ஆணியையும் எடுத்து வையுங்கள்.

குளிர்காலம் வந்தாலே வயிற்றுவலி வருகிறது. தடுக்க வழி உண்டா?

பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். தண்ணீர் சில்லென்று இருந்தால் குறைவாகக் குடிக்கும், உலர்புல்லோ அதிகம் தின்னும். குடலில் தீவனம் இறுகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள், நாளுக்கு 30 கிராம் உப்பு கொடுங்கள். தீவனத்தை மாற்றினால் 10 நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள். தானியம் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்ட வேண்டாம். கோழி, மாட்டுத் தீவனத்தைக் குதிரைக்கு வைக்கவே வைக்காதீர்கள். சிலவற்றில் கலக்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும்.

குதிரை நலமாக, ஓய்வாக இருக்கும்போதே ஒரு வாரம் அளந்து எழுதி வையுங்கள். இயல்பான அளவு: நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ். வலியில் கிடக்கும்போது நாடி 60ஐத் தாண்டினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.