இலக்கு அட்டைக்கும் முயலுக்கும் ஒரே தோட்டா போதுமா?

கேள்வி: என்னிடம் உரிமம் பெற்ற பாயிண்ட் 22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் இருக்கிறது. 50 மீட்டர் இலக்குப் பயிற்சிக்கும், அனுமதி உள்ள பருவத்தில் முயல் வேட்டைக்கும் அதைத்தான் எடுக்கிறேன். வேகம் கூடினால் குறி தப்பாது என்று நினைத்து ஹை வெலாசிட்டி தோட்டா வாங்கினேன். அட்டையில் குண்டுகள் சிதறி விழுகின்றன. கோளாறு துப்பாக்கியிலா? இரண்டு வேலைக்கும் ஒரே தோட்டா போதுமா?

பதில்: துப்பாக்கியைச் சந்தேகிக்கும் முன் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டாவின் ஈயக் குண்டு வழக்கமாக 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி வகையில் அது குழலை விட்டு நொடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஹை வெலாசிட்டியில் 380 வரை போகும். ஒலியின் வேகம் ஏறக்குறைய 340. வேகமான குண்டு 50 மீட்டரை நெருங்கும்போது ஒலி வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த இடத்தில்தான் காற்றின் எதிர்ப்பு அதை மிகவும் அலைக்கழிக்கும். மெதுவான குண்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பலரும் நம்ப மறுப்பது இது: பக்கவாட்டுக் காற்றில் அதிகம் விலகுவதும் வேகமான குண்டுதான். வேகத்தைத் திடீரென்று இழப்பதால் வரும் வினை.

ஆனால் வேகத்தைவிட முக்கியமானது அது தோட்டாவுக்குத் தோட்டா மாறாமல் இருப்பது. ஒன்று 325-லும் அடுத்தது 315-லும் கிளம்பினால், 50 மீட்டரில் இரண்டாவது 7, 8 மில்லிமீட்டர் கீழே விழும். சர்வதேசப் போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்! போட்டித் தோட்டாவுக்குக் கூடுதல் விலை கொடுப்பது இந்தச் சீருக்குத்தான்.

எந்தத் தோட்டா உங்கள் குழலுக்கு ஒத்துப்போகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே மாடல் ரைஃபிள் இரண்டு இருந்தாலும் தேர்வு வேறாகலாம். எலே, எஸ்கே, சிசிஐ போன்ற நிறுவனங்களின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி வகைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி வாங்குங்கள். காற்றில்லாத வேளையில், துப்பாக்கியை மணல் பையில் தாங்கிச் சுடுங்கள். வகை மாற்றியதும் முதல் பத்துக் குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய தோட்டாவின் குண்டில் பூசியிருந்த மெழுகு குழலில் ஒட்டியிருக்கும். அப்புறம் பத்துப் பத்தாகச் சுட்டு ஒப்பிடுங்கள். மூன்று குண்டுகள் நெருங்கி விழுந்ததை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பிடித்தது கிடைத்ததும் பெட்டியில் உள்ள லாட் நம்பரை, அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்ணைக் குறித்துவைத்து, அதே லாட்டில் கூடுதலாக வாங்கிவிடுங்கள்.

சரி, வேட்டைக்கு வருவோம். இங்கே போட்டித் தோட்டா வேண்டாம். அதன் உருண்டை முனைக் குண்டு உடலைத் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடலாம். விலங்கு காயத்தோடு ஓடும். முனையில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் பட்டதும் விரியும். ஒலியைவிட மெதுவான வகையில் விரிவு குறைவுதான், ஆனாலும் தலையில் சரியாகப் பட்டால் அது போதும். சில இடங்களில் வேட்டைக்கு ஈயக் குண்டு தடை. உங்கள் பகுதி விதியை முதலில் பாருங்கள்.

எவ்வளவு தூரத்திலிருந்து சுடலாம்? மணல் பை இல்லாமல், வேட்டையில் நிற்கும் அல்லது மண்டியிடும் அதே நிலையில் பத்துக் குண்டும் 3 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும். அப்படி விழும் தூரம் 35 மீட்டர் என்றால், 35-தான் உங்கள் எல்லை. தோட்டா மாறும்போது குண்டு விழும் இடமும் மாறும். வேட்டைக்குக் கிளம்பும் முன் ஸ்கோப்பைச் சரிபாருங்கள்.

முயலுக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் சுடாதீர்கள். இந்தச் சின்னக் குண்டு ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் போகும். கல்லிலோ தண்ணீரிலோ பட்டால் திசை மாறிப் பாயும். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையா? குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து, குறைந்தது 30 நொடி பொறுத்துத் தோட்டாவை எடுங்கள். வெடிச் சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. தோட்டாவை இறக்கிவிட்டு, குண்டு குழலில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.